பிரான்ஸ் ஷெங்கன் விசா: ரோமில் இறங்கினால் எந்த நாட்டில் விண்ணப்பிக்கணும்? அப்பாவின் பாஸ்போர்ட் செப்டம்பரில் முடியுது

வைகைக்கரை (கேள்வி)

மே மாதம் ஐந்து பேர் போகிறோம்: நான், மனைவி, 4 வயது மகள், அப்பா (68), அம்மா (63). எல்லாம் இந்திய பாஸ்போர்ட். பாரிஸ் புறநகரில் சித்தி குடும்பம் இருக்கு.

திட்டம்: மே 10 காலை ரோமில் இறங்கி இத்தாலியில் 4 இரவு, அங்கிருந்து ரயிலில் சுவிட்சர்லாந்து 4 இரவு, கடைசியாக சித்தி வீட்டில் 6 இரவு. மே 24 இரவு பாரிஸிலிருந்து விமானம். இன்னும் எதுவும் புக் பண்ணலை.

சந்தேகங்கள்:

1. முதலில் இறங்குவது ரோம். அப்போ இத்தாலி விசாவா? சுவிஸ் விசா சுலபமாகக் கிடைக்கும்னு ஒரு ஏஜென்ட் சொல்றார்.
2. அப்பா பாஸ்போர்ட் 2026 செப்டம்பர் 2 வரைதான். 6 மாதம் இருக்கணும்னு சிலர், 3 மாதம் போதும்னு சிலர்.
3. அப்பா அம்மா 2019-ல் ஒருமுறை போய் வந்தாங்க. கைரேகை அப்பவே கொடுத்தாச்சு. மறுபடி மதுரையிலிருந்து சென்னை வரணுமா?
4. சித்தி என்ன பேப்பர் அனுப்பணும்? சாதாரண அழைப்புக் கடிதம் போதுமா?
5. அப்பா பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி. ஒரே பெயர்தான்.

---

கோப்புக்காரர்

இறங்கும் ஊர் எது என்பது இங்கே கணக்கே இல்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகம்தான் உங்கள் விண்ணப்பத்தை வாங்க வேண்டும். உங்களுக்கு 4, 4, 6. ஆகவே பிரான்ஸ். இரண்டு நாட்டில் சம நாள் வந்தால் மட்டும் முதலில் நுழையும் நாடு முடிவு செய்யும். பிரான்ஸ் கொடுத்த விசாவோடு ரோமில் இறங்குவது முற்றிலும் சரி. ஷெங்கன் என்பது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் வட்டாரம். அதில் இப்போது 29 நாடுகள், சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் உண்டு.

ஏஜென்ட் சொன்ன சுவிஸ் யோசனையை விட்டுவிடுங்கள். சுவிஸுக்கு விண்ணப்பித்தால் அங்கே அதிக இரவு காட்டியாக வேண்டும். அதற்காகப் பொய் ஹோட்டல் புக்கிங் போட்டு, விசா வந்ததும் ரத்து செய்து, வேறு ஊரில் தங்குவது என்று போகும். எல்லையில் கையில் இருக்கிற பேப்பரும் விசா கொடுத்த நாடும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே விசாவை ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. 68 வயது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர் செய்கிற வேலையா அது?

பாஸ்போர்ட்: விதி மூன்று பகுதி. ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்ல வேண்டும். கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். 6 மாதம் என்பது வேறு பல நாடுகளின் விதி, அதைத்தான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

மே 24-க்கு மூன்று மாதம் கூட்டினால் ஆகஸ்ட் 24. செப்டம்பர் 2 வரை இருப்பதால் அப்பாவின் பாஸ்போர்ட் 9 நாள் வித்தியாசத்தில் தேறிவிடும். ஆனாலும் புதுப்பியுங்கள் என்பேன். விசா ஸ்டிக்கரில் நீங்கள் கேட்ட நாட்களோடு வழக்கமாக 15 நாள் கூடுதல் அவகாசம் சேர்த்துத்தான் 'முதல்–வரை' தேதி போடுவார்கள். அப்பாவுக்கு அந்த அவகாசம் போட இடமே இல்லை. விமானம் ரத்தாகி, பயணம் பத்து நாள் தள்ளிப்போனால் மற்ற நால்வரும் போகலாம், அவர் போக முடியாது. முடிய ஓராண்டுக்குள் இருக்கிற பாஸ்போர்ட்டை மறுவழங்கலுக்குக் கொடுக்கத் தடையில்லை. 36 பக்கம் என்றால் 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000. இப்போது ஜனவரிதான், சாதாரண வழியே போதும். 2019 விசா ஒட்டிய பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட வேண்டாம், விண்ணப்பத்தோடு அதையும் காட்டணும்.

கைரேகை: ஒருமுறை கொடுத்தது 59 மாதம் வரைதான் மறுபயன்பாட்டுக்கு. 2019 கைரேகை காலாவதி. அப்பா அம்மா இருவரும் நேரில் வர வேண்டும். 12 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கைரேகை கிடையாது.

பெயர்: ஒரே பெயர் என்றால் அந்த ஒன்றை விண்ணப்பத்தின் குடும்பப்பெயர் கட்டத்தில் எழுதுவது வழக்கம். தாத்தா பெயரைச் சேர்க்கிறேன், இனிஷியலை விரித்து எழுதுகிறேன் என்று இறங்காதீர்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத எழுத்து ஒன்றுகூட எங்கும் வரக் கூடாது. விமான டிக்கெட்டில் மட்டும் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதம், சிலர் பெயரை இரண்டு முறை போடச் சொல்வார்கள். புக் பண்ணும் முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை எப்படியும் புதுப்பிக்கிறீர்கள் என்பதால், பெயரைப் பிரித்துக் குடும்பப்பெயர் போட விருப்பம் இருந்தால் இதுதான் சமயம். ஆனால் அதற்குத் தனி ஆவணங்கள் கேட்பார்கள், நாளும் பிடிக்கும். இந்தப் பயணத்துக்கு அது அவசியமில்லை.

---

லாசப்பல்

நாலாவது கேள்விக்கு நான் சொல்லுறன். வெறும் கடிதம் காணாது. சொந்தக்காரர் வீட்டில தங்கிறதெண்டால் பிரான்ஸுக்கு 'அத்தெஸ்தாசியோன் தக்கெய்' எண்ட பத்திரம் வேணும். வருகிறவரைத் தன்ர வீட்டில தங்கவைக்கிறன், அவரிட்டக் காசில்லாமல் போனால் நான் பொறுப்பு எண்டு எழுதிக் குடுக்கிற பத்திரம். அதை உங்கட சித்தி தான் இருக்கிற ஊர் மேரியில (நகரசபை அலுவலகத்தில) போய் எடுக்கவேணும். வேற ஊர் மேரியில குடுக்கமாட்டினம்.

கொண்டுபோக வேண்டியது: அடையாள அட்டை அல்லது வதிவிட அட்டை, வீட்டு உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், கிட்டடியில வந்த கரண்ட் பில், கடைசி மூண்டு மாதச் சம்பளத் துண்டு, வரிக் கடிதம். ஒரு பத்திரத்துக்கு 30 யூரோ முத்திரை, பத்திரம் தரமாட்டம் எண்டாலும் அந்தக் காசு திரும்பி வராது. சில மேரியில முதலே ரந்தேவூ (அப்பாயின்ட்மென்ட்) எடுக்கவேணும். எடுத்துக் குடுத்தாலும் ஒரு மாதம் வரை இழுபடலாம்.

ஒரு பத்திரத்தில ஒருவரும், அவரோட வாற கணவர் அல்லது மனைவியும், 18 வயதுக்குக் குறைஞ்ச பிள்ளையளும் அடங்குவினம். அதனால உங்களுக்கு ரெண்டு பத்திரம் வேணும்: அப்பா அம்மாவுக்கு ஒண்டு, நீங்கள், மனைவி, மகளுக்கு ஒண்டு. 60 யூரோ.

முக்கியமான விசயம், பத்திரத்தில வருகிறவரின்ர பாஸ்போர்ட் இலக்கம் எழுதுப்படும். அப்பாவின்ர பழைய இலக்கத்தில பத்திரம் எடுத்துப்போட்டுப் பிறகு பாஸ்போர்ட் மாத்தினால், சித்தி இன்னொருக்கா 30 யூரோ கட்டி வரிசையில நிக்கவேணும். முதல் பாஸ்போர்ட், பிறகு மேரி. பெயரைப் போனில சொல்லாதேங்கோ. பாஸ்போர்ட் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கோ. படிவத்தில 'நோம்' எண்டால் குடும்பப்பெயர், 'ப்ரெனோம்' எண்டால் தன்பெயர். எங்கட ஆக்களின்ர பெயரை மேரியில ரெண்டையும் மாறி எழுதிப்போடுவினம், கையில வாங்கின உடன அங்கேயே நிண்டு பாத்து எடுக்கச் சொல்லுங்கோ.

மூலப்பத்திரம் கூரியரில உங்களுக்கு வரவேணும். விண்ணப்பத்தில நகலைக் குடுத்து, மூலத்தைக் காட்டி, திரும்ப வாங்கி வையுங்கோ. எல்லையிலயும் அதைக் கேப்பினம்.

இன்னொண்டு, வீட்டின்ர அளவு. ரெண்டு அறை வீட்டில ஏற்கனவே நாலு பேர் இருந்தால், அஞ்சு பேர் வருகினம் எண்டு சொன்னால் மேரி இடம் காணாது எண்டு மறுக்கலாம். அப்பிடியெண்டால் அப்பா அம்மாவுக்கு மட்டும் பத்திரம் எடுத்து, நீங்கள் மூண்டு பேரும் பக்கத்தில ஹோட்டல் காட்டுறது நல்லது.

---

வைகைக்கரை

ரொம்ப நன்றி. சித்தி வீடு மூணு அறை, அவங்க மூணு பேர். பாஸ்போர்ட் வேலையை இந்த வாரமே தொடங்குறேன். இன்னும் ரெண்டு: பேங்க்கில் எவ்வளவு இருக்கணும்? டிக்கெட்டை விசாவுக்கு முன்னாடியே வாங்கணுமா?

---

மலைக்கோட்டை

பணத்துக்குப் பிரான்ஸ் வைத்திருக்கிற அளவு தெளிவானது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு: மேரிப் பத்திரம் இருந்தால் 32.50 யூரோ, ஹோட்டல் புக்கிங் இருந்தால் 65 யூரோ, இரண்டும் இல்லாவிட்டால் 120 யூரோ. சுவிட்சர்லாந்து ஒருவருக்கு நாளுக்கு 100 பிராங்க் என்று வைத்திருக்கிறது. அதாவது சித்தி வீட்டு 6 நாளுக்கு மட்டும்தான் குறைந்த அளவு, மற்ற நாட்களுக்கு ஹோட்டலும் காட்டணும், பணமும் காட்டணும். இது குறைந்தபட்ச அளவு. ஐந்து பேருக்குச் சரியாக அதே தொகையை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

அதிகாரி முதலில் பார்ப்பது கணக்கின் போக்கைத்தான். மூன்று மாத ஸ்டேட்மென்ட்டில் சம்பளம் மாதம் 60,000 வந்து, பெரும்பகுதி செலவாகி, விண்ணப்பத்துக்கு நாலு நாள் முன்னால் திடீரென 8 லட்சம் விழுந்தால், அது கடன் வாங்கிக் காட்டிய பணம் என்றுதான் தோன்றும். உண்மையிலேயே நிலம் விற்றது, எஃப்.டி. முடிந்தது என்றால் அதன் ஆதாரத்தை அந்த வரிக்கு நேராக இணையுங்கள். விளக்கமில்லாத பெரிய வரவு ஒன்று போதும், நிராகரிப்புக் கடிதத்தில் 'வசதிக்கான ஆதாரம் போதவில்லை' என்ற கட்டத்தில் டிக் விழும்.

உங்களுக்கு வேண்டியவை: சம்பளச் சீட்டு, வருமான வரித் தாக்கல் ஒப்புகை, அலுவலக விடுப்புக் கடிதம். விடுப்புக் கடிதத்தில் தேதி மே 9 முதல் 25 வரை முழுவதும் அடங்க வேண்டும், திரும்பி வந்து எந்த நாள் வேலையில் சேர்வீர்கள் என்றும் இருக்க வேண்டும். அப்பாவுக்கு ஓய்வூதிய ஆணை, ஓய்வூதியம் வரும் கணக்கின் ஸ்டேட்மென்ட். செலவை நீங்கள் ஏற்கிறீர்கள் என்றால் அதற்கு ஒரு கடிதமும், அவர் உங்கள் அப்பா என்று காட்டும் ஆவணமும் (உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கமே போதும், அதில் அப்பா பெயர் இருக்கும்). மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ். பெற்றோர் இருவரும் கூடப் போவதால் சம்மதப் பத்திரத் தலைவலி இல்லை.

டிக்கெட்டை முன்கூட்டி வாங்க வேண்டாம். ரிசர்வேஷன் காட்டினால் போதும், ஆனால் அது நிஜ ரிசர்வேஷனாக இருக்க வேண்டும். 500 ரூபாய்க்குப் பி.என்.ஆர். விற்கிறார்களே, அதில் பாதி இரண்டு நாளில் செத்துவிடும். சரிபார்க்கும் நாளில் எண் இல்லை என்றால் 'கொடுத்த தகவல் நம்பத்தக்கதல்ல' என்ற காரணம், அது அடுத்த விண்ணப்பத்திலும் பின்னால் வரும். இலவச ரத்து உள்ள ஹோட்டல்களாக எடுங்கள். 14 இரவுக்கும் ஒரு வரிசை போட்டு, எந்த இரவு எந்த ஊர், எந்த ஆதாரம் என்று ஒரு பக்கத்தில் எழுதி மேலே வையுங்கள். ஓர் இரவு விடுபட்டாலும் கேள்வி அங்கேதான் வரும். உங்கள் கணக்கில் மே 14 (இத்தாலியிலிருந்து சுவிஸ்), மே 18 (சுவிஸிலிருந்து பாரிஸ்) இரண்டும் ஊர் மாறும் நாட்கள், அந்த இரவுகளில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். மேரிப் பத்திரத்தின் தேதி மே 18-ல் தொடங்குகிறதா என்றும் பாருங்கள்.

இன்ஷூரன்ஸ்: குறைந்தது 30,000 யூரோ, ஷெங்கன் முழுவதற்கும், நோயாளியையோ உடலையோ நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவும் உட்பட. இங்கே டாலரில் விற்கும் பாலிசியில் 50,000 டாலர் எடுத்தால் அளவு தாண்டிவிடும். மே 9 முதல் 25 வரை எடுங்கள். அப்பாவுக்கு பி.பி., சுகர் இருந்தால் ஒரு விஷயம் கவனிக்கணும்: தூதரகம் பார்ப்பது தொகையையும் தேதியையும் மட்டும். ஏற்கனவே உள்ள நோய்க்கு மிக மலிவான பாலிசிகள் பணம் தராது. விசாவுக்கு அந்தப் பாலிசி போதும், ஆஸ்பத்திரிக்குப் போதாது.

---

கோப்புக்காரர்

வேலை வரிசையையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பிக்கக்கூடிய காலம் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை. முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள், கூடுதல் ஆய்வு என்றால் 45 நாள் வரை. மே மாதப் பயணத்துக்கு ஏப்ரலில் போய் நின்றால் சென்னையில் ஸ்லாட்டே இருக்காது. அப்பாவின் பாஸ்போர்ட், மேரிப் பத்திரம் இரண்டும் பிப்ரவரிக்குள் வந்தால் மார்ச் முதல் வாரத்தில் கொடுத்துவிடலாம்.

பிரான்ஸ் அரசின் ஃபிரான்ஸ்-விசாஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி, ஐந்து பேருக்கும் தனித்தனி விண்ணப்பத்தை நிரப்பி, ஒரே குழுவாகச் சேர்த்து, அச்செடுத்துக் கையெழுத்திட வேண்டும். அதன் எண்ணை வைத்துத்தான் வி.எஃப்.எஸ். (தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கும் தனியார் நிறுவனம்) தளத்தில் அப்பாயின்ட்மென்ட். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45, 6-க்குக் கீழே இல்லை. ஆக நால்வருக்கு 360 யூரோவுக்கான ரூபாய், அதோடு தலைக்கு வி.எஃப்.எஸ். சேவைக் கட்டணம். நிராகரித்தால் எதுவும் திரும்பாது. படம் 35-க்கு 45 மி.மீ., ஆறு மாதத்துக்குள் எடுத்தது. பாஸ்போர்ட்டில் இருக்கிற பழைய படத்தையே மறுபடி கொடுத்தால் கண்டுபிடித்துத் திருப்பிவிடுவார்கள்.

ஸ்டிக்கர் கைக்கு வந்ததும் மூன்று இடம் பாருங்கள்: 'முதல்–வரை' தேதி, தங்கும் நாட்கள், எத்தனை முறை நுழையலாம். 'வரை' தேதி ஜூன் 8 என்று இருந்து நாட்கள் 15 என்று இருந்தால், 15 நாள்தான் தங்கலாம், ஜூன் 8 வரை அல்ல. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டும் எண்ணப்படும். மே 10 முதல் 24 வரை சரியாக 15 நாள். பாரிஸ் விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்புவதாக இருந்தாலும் எல்லைக் கவுன்டரை 24-ம் தேதிக்குள் கடந்துவிடுங்கள், அல்லது விண்ணப்பத்திலேயே 25 என்று போடுங்கள். ஒரு முறை நுழைவு மட்டும் கொடுத்திருந்தால், பாரிஸிலிருந்து ஒரு நாள் லண்டன் எட்டிப்பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். பிரிட்டன் விசா தனியாக வேண்டும் என்பதோடு, ரயில் ஏறிய கணமே உங்கள் ஷெங்கன் விசா தீர்ந்துபோகும்.

இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் வந்த சலுகை ஒன்று உண்டு: மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியிருந்தால் அடுத்து 2 ஆண்டுப் பலமுறை விசா, அதற்கடுத்து 5 ஆண்டு. பாஸ்போர்ட்டின் ஆயுள் இடம் கொடுத்தால்தான். அப்பா அம்மாவின் 2019 பயணம் இந்தக் கணக்கில் சேராது, இப்போது வாங்குவது முதலாவதாக நிற்கும்.

---

கொழும்புத்துறை

இதோட சேர்த்து ஒரு கேள்வி. இலங்கைக் கடவுச்சீட்டில கொழும்பிலயிருந்து பாரிஸ் விமான நிலையத்தில விமானம் மட்டும் மாறிக் கனடா போறவைக்கும் விசா வேணுமே? வெளியில வாறேல்லை.

---

லாசப்பல்

வேணும், ஆனால் உங்களுக்கு விலக்கு இருக்கும். விமான நிலையத்தின்ர உள்ளேயே மாறினாலும் விசா எடுக்கவேண்டிய 12 நாடுகளின்ர பொதுப்பட்டியலில இலங்கை இருக்கு. இது பிரான்ஸ் எண்டில்லை, ஷெங்கன் முழுக்க ஒண்டுதான். ஆனால் செல்லுபடியான கனடா, அமெரிக்கா, ஜப்பான் விசா வைச்சிருக்கிறவைக்கும், ஷெங்கன் விசா வைச்சிருக்கிறவைக்கும் அது தேவையில்லை. கனடா விசா கடவுச்சீட்டில ஒட்டியிருந்தால் மாறலாம். ரெண்டு டிக்கெட்டாத் தனித்தனிய எடுத்து, பொதியை எடுத்துத் திரும்பப் போடவேண்டி வந்தால் அது உள்ளுக்க வந்த கணக்கு. அதுக்கு முழு ஷெங்கன் விசா வேணும். ஒரே டிக்கெட்டா எடுங்கோ.

சிங்கப்பூர், மலேசியாக் கடவுச்சீட்டுக்காரருக்கு எந்த 180 நாளிலும் 90 நாள் வரை விசாவே வேண்டாம். அவைக்காக எட்டியாஸ் எண்ட இணைய அனுமதி 2026 கடைசியில தொடங்கும் எண்டு அறிவிச்சிருக்கினம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, எட்டியாஸ் எடுத்துத் தாறம் எண்டு ஆரும் காசு கேட்டால் குடுக்காதேங்கோ.

---

மலைக்கோட்டை

எல்லையில் என்ன நடக்கும் என்பதைச் சேர்க்கிறேன். 2025 அக்டோபர் 12 முதல் இ.இ.எஸ். என்ற புதுப் பதிவு முறை படிப்படியாக வருகிறது, 2026 ஏப்ரல் 10-ல் முழுமையாகும் என்பது திட்டம். விசாவோடு போகிறவர்களின் கைரேகை விசாப் பதிவிலேயே இருப்பதால் ரோமில் முகப்படம் மட்டும் எடுப்பார்கள். முத்திரையைப் பார்த்து நாள் எண்ணிய காலம் போகிறது, ஒரு நாள் அதிகம் தங்கினாலும் கணினி தானே காட்டிக்கொடுக்கும். முதல் பதிவுக்கு வரிசை நீளும், ரோமில் இறங்கியதும் உடனே ரயில் என்று டிக்கெட் போடாதீர்கள்.

விசா இருந்தாலும் கவுன்டரில் திரும்பும் டிக்கெட், தங்குமிடம், இன்ஷூரன்ஸ், பணம் கேட்க உரிமை உண்டு. மேரிப் பத்திரத்தின் மூலமும் ரோம் ஹோட்டல் புக்கிங்கும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். அப்பா அம்மா தனி வரிசைக்குப் போக நேர்ந்தால் அவர்கள் கையிலும் ஒரு நகல். சுவிஸ் ரயிலில் எல்லைச் சோதனை நிரந்தரமாக இல்லை, ஆனால் இடையில் ஏறிப் பார்ப்பார்கள். அங்கே நகல் செல்லாது, பாஸ்போர்ட்டே வேண்டும்.

---

வைகைக்கரை

நிராகரிச்சுட்டா மேல்முறையீடு உண்டா? இல்லை, மறுபடி விண்ணப்பிக்கிறதா?

---

கோப்புக்காரர்

உண்டு. நிராகரிப்புக் கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் நாந்த் நகரில் உள்ள பிரெஞ்சு விசா பிரிவுக்குப் பிரெஞ்சில் எழுத வேண்டும். மே மாதப் பயணத்துக்குள் பதில் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. டிக் விழுந்த காரணம் பேப்பர் குறைவு மட்டும் என்றால், அந்தப் பேப்பரைச் சேர்த்து, முந்தைய நிராகரிப்பை விண்ணப்பத்தில் மறைக்காமல் சொல்லி, மறுபடி கட்டணம் கட்டிப் புதிதாகக் கொடுப்பதுதான் வேகமான வழி. 'தகவல் நம்பத்தக்கதல்ல' என்று டிக் விழுந்து, அது தவறு என்றால் மட்டும் மேல்முறையீட்டை விடாதீர்கள். அந்தக் குறிப்பு பதிவில் நிற்கும்.